ஐந்து வோல்ட்டில்தான் அதிகம் சுடும்

ஐயா, வணக்கம். எல்எம்317 ரெகுலேட்டர் ஐசி வைத்து, வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி ஒரு பவர் சப்ளை செய்தேன். டிரான்ஸ்பார்மர் 15 வோல்ட், 2 ஆம்பியர். 12 வோல்ட்டில் 1 ஆம்பியர் எடுத்தால் தாங்குகிறது. 5 வோல்ட்டில் அதே 1 ஆம்பியர் எடுத்தால் சற்று நேரத்தில் வோல்டேஜ் விழுந்து, விட்டுவிட்டு வருகிறது. ஐசியை மாற்றியும் அதே கதைதான். போலி ஐசியா? சூட்டை இழுக்கப் பெரிய ஹீட் சிங்க் போடவா?

அன்புள்ள நண்பருக்கு,

போலி என்று அதற்குள் முடிவுகட்டாதீர்கள். எல்எம்317-க்குள்ளேயே சூட்டுப் பாதுகாப்பு உண்டு. அளவு மீறிச் சுட்டால் தானே அடங்கும், ஆறியதும் மறுபடி எழும். நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

15 வோல்ட் ஏசியை நான்கு டையோடு பிரிட்ஜில் விட்டு கெப்பாசிட்டரில் நிரப்பினால் சுமார் 20 வோல்ட் டிசி கிடைக்கும். லோடு ஏறினால் கொஞ்சம் இறங்கும். கணக்குக்கு 20 என்றே வைப்போம். வேண்டாத வோல்டேஜை எல்எம்317 போன்ற லீனியர் ரெகுலேட்டர் முழுக்கச் சூடாகவே கொட்டுகிறது. 12 வோல்ட் எடுத்தால் மிச்சம் 8. 1 ஆம்பியரில் 8 வாட். 5 வோல்ட் எடுத்தால் மிச்சம் 15, அதாவது 15 வாட். வெளியே குறைக்கக் குறைக்க உள்ளே சூடு ஏறும். புதிதாகச் செய்கிறவர்கள் பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள்.

சரி, பெரிய ஹீட் சிங்க்? இந்த ஐசியின் டிஓ-220 உறையில், உள்ளே இருக்கும் சிலிக்கானிலிருந்து முதுகிலுள்ள உலோகப் பட்டை வரைக்குமே வாட்டுக்கு ஏறக்குறைய 5 டிகிரி வித்தியாசம் விழும். 15 வாட்டுக்கு 75 டிகிரி. மே மாதத்தில் பெட்டிக்குள் 50 டிகிரி இருந்தால், கூட்டினால் 125. ஐசியின் எல்லையே அதுதான்! கதவளவு அலுமினியம் வைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

கைவைக்க வேண்டிய இடம் டிரான்ஸ்பார்மர். 9, 15 வோல்ட் என இரண்டு டேப் (வோல்டேஜ் எடுக்கும் முனை) உள்ளதாகச் சுற்றித் தரச் சொல்லி, நடுவே ஒரு சுவிட்ச் போடுங்கள். 9 வோல்ட் டேப்பில் டிசி 11 சொச்சம். 5 வோல்ட் எடுக்கும்போது சூடு 6 வாட் சொச்சம்தான். வாட்டுக்கு 5 டிகிரி ஏறும் ஹீட் சிங்க்கே போதும். 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் இந்த டேப்பிலேயே 7 வோல்ட் வரை ஒரு ஆம்பியர் எடுக்கலாம். அதற்கு மேல் வேண்டுமானால் 15-க்கு மாற்றுங்கள்.

ஹீட் சிங்க்கைப் பெட்டிக்கு வெளியே, பின்புறத்தில், இறக்கைகள் செங்குத்தாக நிற்கும்படி மாட்டுங்கள். அப்புறம் ஒன்று: எல்எம்317-இன் உலோகப் பட்டை அவுட்புட்டோடு இணைந்தது, கிரவுண்டோடு அல்ல. அது ஹீட் சிங்க்கைத் தொடாதபடி இடையே மைக்காத் தகடும் திருகுக்கு பிளாஸ்டிக் புஷ்ஷும் கட்டாயம். சூடு கடத்தும் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவுங்கள், அப்பக் கூடாது. திருகை முடுக்கியதும் பட்டைக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்து, தொடர்பு இல்லை என்று பார்த்த பிறகே கரண்ட் கொடுங்கள்.