கார்டிசாலும் பரம்பரையும்: வாசகர் கேள்விகளுக்கு ஹார்மோன் மருத்துவர் பதில்

கேள்வி: அப்பா சின்ன விஷயத்துக்கும் பதறுவார், நானும் அப்படித்தான். கார்டிசால் அளவு பரம்பரையாக வருமா?

கார்டிசால் என்பது அழுத்தம் வரும்போது சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி சுரக்கும் ஹார்மோன். அதன் அளவு ஓரளவு பரம்பரையாக வரும். இதை அறிய இரட்டையர்கள்தான் பெரிதும் உதவியிருக்கிறார்கள். மரபணுவும் உருவமும் ஒன்றாக இருக்கும் இரட்டையரின் கார்டிசால் அளவுகள், மற்ற இரட்டையரின் அளவுகளைவிட அதிகம் ஒத்துப்போகின்றன. இப்படிப்பட்ட ஆய்வுகளை 2003-ல் தொகுத்துப் பார்த்தவர்கள், ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் சுமார் 60 சதவீதம் மரபைச் சார்ந்தது என்று கணக்கிட்டார்கள். இதை ‘என் பதற்றத்தில் 60 சதவீதம் அப்பா கொடுத்தது’ என்று படித்துவிடாதீர்கள். அது ஒரு கூட்டத்தைப் பற்றிய கணக்கு, தனி ஆளுக்குப் பொருந்தாது. மரபின் பங்கு காலையில் எடுக்கும் மாதிரியில் நன்றாகத் தெரியும், மாலையில் மங்கிவிடும். அப்புறம், பதறும் சுபாவமும் கார்டிசால் அளவும் ஒன்றல்ல. எதற்கும் பதறாதவருக்குக்கூடக் காலையில் கண் விழித்த அரை மணி நேரத்தில் அது ஏறத்தான் செய்யும்.

கேள்வி: உமிழ்நீரை அனுப்பினால் ‘ஸ்ட்ரெஸ் ஜீன்’ ரிப்போர்ட் தருவதாக விளம்பரம் பார்த்தேன். எடுக்கலாமா?

வேண்டாம், அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். 2014-ல் வெளியான ஆய்வு ஒன்றில் 12,597 பேரின் காலை நேரக் கார்டிசாலை அவர்களுடைய மரபணுக்களோடு பொருத்திப் பார்த்தார்கள். அத்தனை பேரில் தேடியும் உறுதியாகச் சிக்கியது 14-ஆவது குரோமோசோமில் ஒரே ஓர் இடம். அதுவும் மொத்த வேறுபாட்டில் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் விளக்கியது. அங்கே இருக்கும் செர்பினா6 என்ற மரபணு கார்டிசாலைச் சுரக்க வைப்பதில்லை. கார்டிசாலை ரத்தத்தில் சுமந்து செல்லும் புரதத்தை உருவாக்குகிறது. ரத்தத்தில் உள்ள கார்டிசாலில் பெரும்பகுதி இந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும், ஒட்டாமல் இருக்கும் சிறு பகுதிதான் வேலை செய்யும். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலும், கர்ப்பமாக இருந்தாலும் இந்தப் புரதம் கூடும். அப்போது நோய் எதுவும் இல்லாமலேயே ரத்தப் பரிசோதனையில் கார்டிசால் அதிகமாகக் காட்டும். பரிசோதனைக்கு முன் இதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: சிறு வயதில் அடி உதை வாங்கி வளர்ந்தவள் நான். அது என் மரபணுவை மாற்றியிருக்குமா? என் பிள்ளைக்கும் போகுமா?

அம்மா, மரபணுவில் எழுதியிருக்கும் எழுத்து மாறாது. அந்த எழுத்தின் மேல் ஒட்டும் மெத்தில் என்ற ரசாயன அடையாளங்கள் மாறலாம். எஃப்கேபிபி5 என்ற மரபணுவில் ஒரு குறிப்பிட்ட வகையைக் கொண்டு பிறந்து, சிறு வயதில் கொடுமையும் அனுபவித்தவர்களிடம் அந்த அடையாளங்கள் குறைந்திருப்பதை 2013-ல் கண்டார்கள். கார்டிசால் போதும் என்று மூளைக்குப் போக வேண்டிய செய்தி அவர்களுக்கு மந்தமாகிறது. மரபு மட்டும் இருந்து கொடுமை இல்லாதவர்களிடம் இந்த மாற்றம் இல்லை.

பிள்ளையைப் பற்றிக் கேட்டீர்கள். மான்ட்ரியலில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வில் (2004), தாய் அதிகம் நக்கிப் பராமரித்த குட்டிகள் வளர்ந்தபின் மிரட்சி குறைந்திருந்தன. அக்கறையில்லாத தாயின் குட்டியை அக்கறையுள்ள தாயிடம் வளரவிட்டபோது அதுவும் அப்படியே ஆனது. பெற்றவளைவிட வளர்த்தவளின் கைக்கே அங்கே பலன் தெரிந்தது. மனிதர்களில் பரம்பரையாகப் போகிறது என்று சொல்லும் ஆய்வுகள் மிகச் சிறிய கூட்டங்களில் நடந்தவை. அவற்றை நம்பி உங்களைப் பயமுறுத்த எனக்கு மனமில்லை.

கேள்வி: அத்தை மகளைத் திருமணம் செய்தேன். மகனுக்குப் பிறவி அட்ரீனல் குறைபாடு. அடுத்த குழந்தைக்கும் வருமா?

அழுத்த ஹார்மோனும் மரபணுவும் என்றாலே என் மனதில் முதலில் நிற்பவர்கள் உங்கள் மகனைப் போன்ற குழந்தைகள்தான். இங்கே ஒரே மரபணுவின் பழுதே நோய். பெரும்பாலும் 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி சரியாக உருவாகாது. அதனால் கார்டிசால் குறையும், பல குழந்தைகளுக்கு உப்பைக் காக்கும் ஹார்மோனும் குறையும். தாய், தந்தை இருவரிடமும் பழுதான பிரதி ஒவ்வொன்று இருப்பதால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத வாய்ப்பு உண்டு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி வராது என்ற கணக்கு இதில் கிடையாது. சொந்தத்தில் மணந்தவர்களிடம் ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு அதிகம். கருத்தரிப்பதற்கு முன்பே மரபியல் ஆலோசனைக்குப் போங்கள். குழந்தை பிறந்ததும் குதிகாலில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெண் குழந்தைக்குப் பிறப்புறுப்பிலேயே வித்தியாசம் தெரியலாம். ஆண் குழந்தை பார்ப்பதற்குச் சாதாரணமாக இருந்து, இரண்டாவது வாரத்தில் வாந்தி, எடை இழப்பு என்று திடீரென மோசமாகலாம்.

மகன் விஷயத்தில் ஒன்று. கார்டிசாலுக்கு ஈடாகத் தரும் ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். காய்ச்சல் வந்தால் மருத்துவர் எழுதித் தந்தபடி இரண்டு, மூன்று மடங்காகக் கூட்ட வேண்டும். வாந்தியில் மாத்திரை தங்கவில்லையென்றால் அதே மருந்தின் ஊசிதான், தாமதிக்கக் கூடாது. நோயின் பெயரும் மருந்தின் அளவும் எழுதிய அட்டை ஒன்றை அவனுடைய பள்ளிப் பையில் வையுங்கள், வகுப்பு ஆசிரியரிடமும் ஒன்று கொடுங்கள்.