520டி: ஷொக்கை விடுங்கள், டயரைப் பாருங்கள்

நான்கு ஷொக் அப்சோபரையும் மாற்ற இப்போதே பணம் கட்டாதீர்கள். கல்முனை வீதியில் வழுக்கிக்கொண்டு போகும் உங்கள் 2012 பிஎம்டபிள்யூ 520டி, ஒழுங்கைக்குள் இறங்கியதும் மாட்டுவண்டியாகிவிடுகிறது என்கிறீர்கள். தேய்ந்த ஷொக் பொதுவாக வாகனத்தைத் தொட்டில் போல ஆட்டும். இப்படிச் சுள்ளென்று இடிப்பது குறைவு. பெரும்பாலும் இது ரன்ஃபிளாட் டயரின், அதாவது காற்றுப் போனாலும் கொஞ்சத் தூரம் ஓடக்கூடிய டயரின், விறைத்த பக்கச்சுவர். டயரின் பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்எஸ்சி’ (RSC) என்றிருக்கிறதா? இருந்தால் அது ரன்ஃபிளாட்தான்.

காலையில், வாகனத்தை எடுப்பதற்கு முன், காற்றை அளந்து சாரதிக் கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். காற்றடிக்கும் இடங்களில் எல்லா வாகனத்துக்கும் ஒரே கணக்குத்தான்! என்னுடையதில் 6 பிஎஸ்ஐ கூடுதலாக இருந்தது. குறைத்ததும் பாதி இடி போய்விட்டது. பிறகு பொனட்டின் மூலையை அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழும்பி நின்றால் ஷொக்கில் பெரிய பழுது இருக்க வாய்ப்புக் குறைவு.

சாதாரண டயருக்கு மாறினால் ஓட்டம் மெத்தென்றாகும். ஆனால் ரன்ஃபிளாட்டுடன் வந்த வாகனத்தில் பெரும்பாலும் உதிரிச் சில்லு இருக்காது. ரன்ஃபிளாட் காற்றுப் போனாலும் மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்துக்குள் ஏறத்தாழ 80 கிலோமீற்றர் ஓடும், மற்றது ஓடாது. செங்கலடியிலிருந்து மகாஓயாப் பக்கம் இரவில் போகிறவரென்றால், உதிரிச் சில்லும் ஜக்கும் வாங்கிய பிறகே மாற்றுங்கள்.