கிஸ்ட்னசாமி பெயர் தாங்கிய சுறா

கேள்வி: டர்பன் கரையில் பாறை ஓரமாகத் தூண்டில் போட்டால், முழ நீளத்தில் ஒரு சின்னச் சுறா இரையைத் தின்று மாட்டிக்கொள்கிறது. முதுகில் பழுப்புப் பட்டைகள். கையில் எடுத்தால் மரவட்டை போலச் சுருண்டு, வாலால் கண்ணை மூடிக்கொள்ளும். கறிக்கு ஆகாது என்று பாறையில் அடித்துப் போட்டுவிடுகிறோம். கடலில் இல்லாத மீனா? இதில் என்ன தப்பு?
– ஒரு வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: தப்புதான். அடிக்கும் முன் அது யாரென்று கேட்டிருக்கலாம்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் ஷை ஷார்க் எனப்படும் வெட்கச் சுறாவுக்கு உரியவை. உலகில் இதில் நான்கே வகைகள். நான்கும் ஆப்பிரிக்காவின் தென்கோடியில்தான் வாழ்கின்றன. நம் நேட்டால் கரையில் இருப்பதைக் கேப் மாகாணப் பக்கத்து வெட்கச் சுறாவின் இன்னொரு வடிவம் என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2006இல்தான் பிரெட் ஹியூமன், லியனார்ட் கொம்பாக்னோ இருவரும் அதைத் தனி இனமாக விவரித்தார்கள். அதற்கு வைத்த பெயர் ஹாப்லோபிளெஃபாரஸ் கிஸ்ட்னசாமியி. ஆம், நாட் கிஸ்ட்னசாமி என்பவரைக் கௌரவித்து வைத்த பெயர். கிருஷ்ணசாமி இந்த மண்ணில் கிஸ்ட்னசாமி என்று எழுதப்பட்டது நம் வீடுகளுக்குப் புதிதல்ல. இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் பெயர் இந்தக் கடலின் ஓர் உயிர்மேல் நிற்கிறது. அதைத்தான் நீங்கள் பாறையில் அடிக்கிறீர்கள்.

'கடலில் இல்லாத மீனா' என்கிறீர்கள். ஜூன், ஜூலையில் கூட்டம் கூட்டமாகக் கரைக்கு வரும் மத்தியை மனதில் வைத்துப் பேசுகிறீர்கள். வெட்கச் சுறா அப்படி வருவதல்ல, இங்கேயே கிடப்பது. பெருஞ்சுறாக்களில் பல, மூச்சுக்காகவே ஓயாமல் நீந்த வேண்டும். இது வாயால் நீரை இழுத்துச் செவுளுக்குத் தள்ளிவிட்டு, பாறை இடுக்கில் அசையாமல் படுத்திருக்கும். தரையில் ஊரும் நண்டும் சிறு மீனும்தான் இரை. மத்தியைப் போல லட்சக்கணக்கில் முட்டையிடுவதும் இல்லை. தோல் போன்ற கெட்டியான பைக்குள் வைத்து, சில முட்டைகளே இடும். உள்ளே குஞ்சு உருவாகி வெளிவர மாதக்கணக்கில் ஆகும். நீங்கள் ஒரு பாறையில் ஐந்தாறைக் கொன்றால், அந்த இடத்தை நிரப்ப வேறு கடலிலிருந்து வர இந்த இனம் அங்கே இல்லவே இல்லை. இழுவை வலையிலும் கரையோர மாசிலும் ஏற்கெனவே அடிபட்டு, அழியும் அபாயத்தில் உள்ளவற்றின் உலகப் பட்டியலில் இது ஏறிவிட்டது.

அடுத்த முறை மாட்டினால் கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள். தூண்டில் முள்ளைக் கழற்றி, வீசாமல், நீரோடு நீராக விடுங்கள். சுருண்டே கிடந்தால் கவலைப்பட வேண்டாம். பயம் தெளிந்ததும் தானே அவிழ்ந்து இடுக்கைத் தேடிப் போய்விடும்.