ஆபரேட்டர் அறையிலிருந்து: வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே ரகம். "நான் இந்தப் படத்துக்கு இத்தனை மார்க் போட்டேன், நீங்கள் எத்தனை போடுவீர்கள்?" சரி, ஒரேயடியாகப் பேசித் தீர்த்துவிடலாம்.

எட்டு மாதமாக உங்கள் பதில்களைப் படிக்கிறேன். ஒரு படத்துக்குக்கூட ஸ்டார் போட்டதில்லையே, பயமா?
— கல்லூரி மாணவர், திருச்சி

பயம்தான் தம்பி. 1977-இல் வந்த '16 வயதினிலே' படத்துக்கு ஆனந்த விகடன் கொடுத்த மார்க் 62.5. இன்றுவரை ஊரே பெருமையாகச் சொல்கிற மார்க் அது. அதையே இன்றைக்குப் பத்துக்கு ஆறேகால் என்று எழுதினால், 'சுமார் போல' என்று விரலால் தள்ளிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவீர்கள்.

என்னிடம் வேறு கணக்கு இருக்கிறது. மன்னார்குடியில் ஒரு தியேட்டரில் 31 வருடம் மிஷின் ஓட்டினேன். ஆபரேட்டருக்குப் படம் ஒழுங்காகத் தெரியாது. வெளிச்சத்துக்கு எரிகிற கார்பன் குச்சி தேய்ந்துவிட்டதா, ரீல் முடியப்போகிறது என்று திரையின் வலது மேல் மூலையில் புள்ளி வருகிறதா, அடுத்த ரீல் மாட்டிய மிஷினைப் போட வேண்டுமா என்பதிலேயே கண் இருக்கும். அவனுக்கு நன்றாகத் தெரிவது ஜனங்களின் தலைதான்.

எங்கள் கேபினுக்குப் பின்பக்கம் ஒரு ஜன்னல் உண்டு. அதில் எட்டிப் பார்த்தால் கேன்டீன் வாசல். இடைவேளை முடிந்து மணி அடித்த பிறகும் டீ கிளாஸோடு நிற்கிறவர்களை எண்ணுவேன். பத்துப் பேருக்குள் என்றால் படம் மூன்று வாரம் நிற்கும். கிளாஸில் டீயே இல்லை, ஆனாலும் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்றால் வியாழக்கிழமை ராத்திரியே படப்பெட்டியைக் கட்டிவிடலாம். இதற்கு எப்படி ஸ்டார் போடுவது?

'மெய்யழகன்' படத்தை முதல் நாளும் பார்த்தேன், வெட்டிய பிறகும் பார்த்தேன். முதல் தடவை பத்துக்கு 7 போட்டேன். இரண்டாம் தடவை 8 போடலாம் என்றார் என் மச்சான். நான் 6 என்றேன். யார் சரி?
— மளிகைக் கடைக்காரர், நீடாமங்கலம்

உங்கள் ஊர்க் கதை, உங்களுக்கு மார்க் போடும் உரிமை கொஞ்சம் கூடவே இருக்கிறது.

2024 செப்டம்பர் 27-இல் படம் வந்தது. நீளம் என்று புகார் கிளம்பியதும், சில நாளிலேயே 18 நிமிடத்துக்கு மேல் குறைத்தார்கள். இன்றைக்கு இது கம்ப்யூட்டர் வேலை. எங்கள் கணக்கில் நிமிடத்துக்கு 90 அடி பிலிம். 18 நிமிடம் என்றால் 1,620 அடி. வெட்டித் தரையில் போட்டால் கேபினுக்குள் கால் வைக்க இடம் இருக்காது. கண்ணால் பார்த்தால்தான் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும்.

நான் முதல் சனிக்கிழமையே முழுசாகப் பார்த்தேன். இரவில் கார்த்தியும் அரவிந்த்சாமியும் உட்கார்ந்து சரித்திரம், போர் என்று பேசிக்கொண்டே போகும் இடத்தில், உண்மையைச் சொன்னால் நானே டீ குடிக்கப் போயிருப்பேன். ஆனால் அந்தக் கார்த்தி மாதிரி ஒருத்தர் எல்லாக் கல்யாண வீட்டிலும் உண்டல்லவா? "அத்தான், அத்தான்" என்று ஒட்டிக்கொள்வார். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்பீர்கள். இலை போட்டாச்சு என்பார். அவர் பேச்சில் பாதி தேவையில்லாத பேச்சாகத்தான் இருக்கும். அதைக் கத்தரித்துவிட்டால் அவர் வெறும் நல்ல மனுஷன். அரவிந்த்சாமிக்கு அந்தக் கார்த்தியின் பெயர் கடைசிவரை ஞாபகம் வராமல் தவிக்கிற தவிப்பு நமக்கும் ஏற வேண்டும் என்றால், அந்த ஆள் நம்மையும் கொஞ்சம் படுத்தியிருக்க வேண்டும்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்தவர்களுக்கு 18 நிமிடம் ஒரு பொருட்டா? முழுப் படத்துக்கு உங்கள் 7-ஐ அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மச்சானிடம் சண்டை வேண்டாம், அவர் பார்த்தது வேறு படம்.

'கொட்டுக்காளி'க்கு ஊரெல்லாம் 4 ஸ்டார். நான் பத்துக்கு 2 போட்டேன். இசை இல்லை, முடிவும் இல்லை. காசு கொடுத்துப் பார்த்தவன் கேட்கக்கூடாதா?
— ஆட்டோ ஓட்டுநர், மதுரை

தாராளமாகக் கேட்கலாம். உங்கள் 2-ஐ நான் அழிக்கப் போவதில்லை, ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

தஞ்சாவூரில் மத்தியானக் காட்சிக்குப் போனேன். என்னையும் சேர்த்து 11 பேர். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எனக்குப் பின்னால் இருந்தவர், "சவுண்டு போயிருச்சா?" என்று பக்கத்து ஆளைக் கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழைய மிஷினில் எக்ஸைட்டர் லாம்ப் என்று ஒன்று உண்டு. பிலிம் ஓரத்தில் இருக்கும் ஒலிக்கோட்டின் மேல் வெளிச்சம் பாய்ச்சுகிற சின்ன பல்பு. அது போனால் படம் ஓடும், சத்தம் நின்றுவிடும், கீழேயிருந்து "சவுண்டு, சவுண்டு" என்று கத்துவார்கள். 31 வருடம் அந்தக் கத்தலுக்குப் பயந்தவன் நான். வேலையை விட்டு இத்தனை வருடம் ஆகியும் கை பல்பைத் தேடியது.

அப்புறம்தான் காதைக் கொடுத்துக் கேட்டேன். சத்தம் இல்லாமல் இல்லை. ஷேர் ஆட்டோவின் இரைச்சல், காலைக் கட்டிய சேவல், தொண்டை கட்டிப்போய் சுண்ணாம்பு தடவிக்கொண்டு இருக்கும் சூரியின் கரகரப்பு. நீங்கள் தினம் எட்டு மணி நேரம் கேட்கிற சத்தம் அது. அதையே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் சினிமாவில் கேட்க வேண்டுமா என்று உங்களுக்குத் தோன்றினால் அது நியாயம்தான்.

ஆனால் வழியை மறித்து நிற்கும் அந்த மாட்டை மறந்துவிடாதீர்கள். ஆட்டோவிலும் பைக்கிலும் வந்த மீசைக்காரர்கள் அத்தனை பேரும் கிட்டே போகப் பயப்படுகிறார்கள். ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகிறாள். நானும் எனக்குப் பின்னால் இருந்தவரும் அந்த இடத்தில் ஒன்றாகச் சிரித்தோம். பெர்லின் விழாவில் பார்த்தவர்களும் சிரித்திருப்பார்கள். ஆனால் அந்த மீசைகளை அவர்களுக்கு நேரில் தெரியாதே.

எனக்கும் ஒரு குறை உண்டு. பேய் பிடித்திருக்கிறது என்று சாமியாடியிடம் இழுத்துக்கொண்டு போகப்படும் மீனா, படம் முழுக்கக் கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை. அந்தப் பிடிவாதம்தான் தலைப்பு, புரிகிறது. இருந்தாலும் இன்னும் இரண்டு வார்த்தை அவளிடமிருந்து கேட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

டீ கிளாஸ் கணக்கா? இடைவேளைக்குப் பிறகு 11 பேரில் 7 பேர் திரும்பினோம். 'சவுண்டு' கேட்டவர் திரும்பிய 7 பேரில் ஒருவர்.

'லப்பர் பந்து' எத்தனை?
— 8-ஆம் வகுப்பு மாணவன், கரூர்

நிறைய. "நீ பொட்டு வச்ச தங்கக் குடம்" பாட்டு வந்த விஜயகாந்த் படத்தை 1989-இல் நான்தான் எங்கள் ஊரில் ஓட்டினேன். அன்றைக்கும் விசில் வந்தது. 35 வருடம் கழித்து இந்தப் படத்தில் அதே பாட்டோடு தினேஷ் மட்டையைத் தூக்கிக்கொண்டு வரும்போது வந்த விசில் அதைவிடப் பெரிசு. பரீட்சை முடிந்ததும் இன்னொரு தடவை பார்.

ஐயா, உங்கள் டீ கிளாஸ் கணக்கு தப்பு. 'குணா' வெளிவந்தபோது உங்கள் தியேட்டரில் எத்தனை கிளாஸ்?
— ஓய்வு பெற்ற தபால்காரர், திண்டுக்கல்

மாட்டிவிட்டீர்கள்.

1991 தீபாவளி. 'தளபதி'யும் 'குணா'வும் ஒரே நாள். எங்களுக்கு வந்தது 'குணா'. முதல் நாள் மாலைக் காட்சியில் மணி அடித்த பிறகு நான் எண்ணியது 40-க்கு மேல், அப்புறம் எண்ணுவதையே விட்டுவிட்டேன். "லூசு மாதிரி பேசிக்கிட்டே இருக்கான்" என்று கேன்டீன்காரர் தீர்ப்புச் சொன்னார். நானும் தலையாட்டினேன். தலையாட்டியதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

2024 பிப்ரவரியில் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்தது. மலையாளப் படம், வசனம் பாதி புரியாது. கொச்சிப் பக்கத்துப் பையன்கள் 2006-இல் கொடைக்கானலுக்கு வந்து, 'குணா' எடுத்ததால் குணா குகை என்றே பெயராகிப்போன இடத்தில் ஒருத்தன் பள்ளத்தில் விழுந்துவிடுகிறான். நிஜமாகவே நடந்தது. கூட வந்தவனே கயிற்றில் இறங்கி அவனை மேலே கொண்டுவரும் நேரத்தில் "கண்மணி அன்போடு" வருகிறது. பக்கத்தில் இருந்த பையனுக்கு இருபது வயது இருக்கும். 'குணா' வந்தபோது அவன் பிறக்கவே இல்லை. தேம்பித் தேம்பி அழுகிறான். "மனிதர் உணர்ந்து கொள்ள இது மனிதக் காதல் அல்ல" என்ற வரி இரண்டு சிநேகிதர்களுக்கு இப்படிப் பொருந்தும் என்று, அந்த ரீலை நாளுக்கு மூன்று தடவை ஓட்டிய எனக்கே தோன்றியதில்லை.

ஆக, என் கணக்கு அன்றைய தேதிக்கு மட்டும்தான் செல்லும். அடுத்த நாள் செல்லாது. போதுமா?

தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டி, "படம் எப்படி?" என்று கேட்பதைத் தடுக்கச் சொல்கிறார்களே, சரியா?
— இல்லத்தரசி, சேலம்

2024 நவம்பரில் தயாரிப்பாளர்கள், முதல் நாள் யூடியூபர்களைத் தியேட்டர் வளாகத்துக்குள் விடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். பணம் போட்டவர்களின் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. மைக்கைப் பார்த்ததும் சில பேருக்கு அருள் வந்துவிடுகிறது, அதையும் பார்க்கிறோம்.

ஆனால் அந்தக் காலத்தில் முதல் ஆட்டம் விட்டு வருகிறவர்களை, இரண்டாவது ஆட்டத்துக்கு வரிசையில் நிற்கிறவர்கள் கேட்காமல் விட்டதில்லை. "எப்படிண்ணே?" பதில் பெரும்பாலும் ஒரு கையசைப்புதான். கை மேலே போனால் வரிசை நிற்கும். உதட்டைப் பிதுக்கினால் பாதி வரிசை பரோட்டாக் கடைக்குப் போய்விடும். அதை யாராலும் தடுக்க முடிந்ததில்லை.

சமைத்துக்கொண்டே போனில் நாலு தவணையாகப் படம் பார்க்கிறேன். எனக்கு மார்க் போடத் தகுதி உண்டா?
— ஆசிரியை, விழுப்புரம்

உண்டும்மா. நீங்களாவது நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறீர்கள். என் பேத்தி ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்க்கிறாள். விநாடிக்கு 24 பிரேம் என்பது என் பிழைப்பு. அதை 36 ஆக ஓட்டினால் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். 'டூரிஸ்ட் ஃபேமிலி'யையும் அப்படித்தான் ஓட விட்டாள். சசிகுமாரும் சிம்ரனும் யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறார்கள். நிதானமாகக் கேட்டாலே எனக்கு இரண்டு வார்த்தை நழுவும். அந்த வேகத்தில் குருவிக் கூட்டம் மாதிரி கேட்டது. "தாத்தா, நல்ல படம், 8" என்றாள். எப்படிப் போட்டாள் என்று கேட்டால், "அழுகை வந்துச்சே" என்கிறாள். ஒன்றரை வேகத்திலும் அழுகை வந்ததென்றால் நான் என்ன சொல்ல?

வெட்டிய படத்துக்கு இவ்வளவு பரிதாபப்படுகிறீர்களே, ஆபரேட்டராக நீங்கள் வெட்டியதே இல்லையா?
— பெயர் வேண்டாம், கும்பகோணம்

வெட்டியிருக்கிறேன். எல்லா ஊரிலும் நடந்ததுதான். இரண்டாவது ஆட்டம் முடிந்தால் கடைசி பஸ் பிடிக்க வேண்டும், சீக்கிரம் விடு என்று கீழேயிருந்து உத்தரவு வரும். பாட்டு ரீலின் கடைசியில் இருந்தால் வேலை சுலபம். கத்தரிகூட வேண்டாம். பாட்டு தொடங்குவதற்கு முன்பே அடுத்த மிஷினைப் போட்டுவிட்டால் முடிந்தது.

எண்பதுகளில் ஒரு நாள் அப்படி ஒரு பாட்டைத் தாண்டிவிட்டேன். ஆட்டம் விட்டு, கேபினில் ரீலைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். ஒருத்தர் படியேறி வந்து வாசலில் நின்றார். தோளில் துண்டு, காலில் சேறு காய்ந்து வெள்ளையாக இருக்கிறது. "அந்தப் பாட்டு போடலீங்களே?" என்றார். "ரீல் அறுந்துபோச்சுங்க" என்றேன்.

அவர் மிஷினைப் பார்த்தார். மேல் ஸ்பூலில் ஒரு 400 அடி பிலிம் சுருளாக, ஒரு கீறல் இல்லாமல், மிச்சம் இருந்தது. அதை அவரும் பார்த்தார், அவர் பார்ப்பதை நானும் பார்த்தேன். "அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு மெதுவாக இறங்கிப் போனார். அதற்குள் பஸ் போயிருக்கும்.

மறுநாள் முதல் ஆட்டத்துக்கு வந்தார். முதல் ஆட்டத்தில் எல்லாப் பாட்டும் உண்டு.