சட்டை நனையாத மலை

கேள்வி: எனக்கு வயது 56. பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். ஜூலை மாதம் அமெரிக்காவில் எல் பாசோ நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன். மகளும் மருமகனும் என்னை டெக்சஸின் மிக உயரமான குவாடலூப்பே சிகரத்துக்குக் கூட்டிப்போக ஆசைப்படுகிறார்கள். பாலைவன மலை, ஒரே நாளில் ஏறி இறங்க வேண்டுமாம். நான் ஞாயிறுதோறும் பினாங்கின் கொடிமலை ஏறுபவள். பினாங்கு வெயிலில் பழகிய உடம்பு. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். தைரியமாகப் போகலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, போகலாம். வாராவாரம் மலை ஏறும் கால்கள் உங்களுக்கு இருக்கின்றன. ஆனால் ‘பினாங்கு வெயிலில் பழகிய உடம்பு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

நம் ஊரில் பத்து நிமிடம் ஏறினாலே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். வியர்வை சொட்டும்போது தண்ணீர் குடிக்கத் தோன்றும். இத்தனை வருடமாக உங்கள் உடம்பு கேட்டு நடந்தது அந்த ஈரத்தின் பேச்சைத்தான். பாலைவனத்தில் அந்த அடையாளமே இருக்காது. வியர்வை வந்த வேகத்தில் காற்றோடு போய்விடும். ஒருமுறை ஓமானில் ஒரு மலைப்பாதையில் இரண்டு மணி நேரம் நடந்தேன். சட்டை காய்ந்தே இருந்தது, பெரிதாகத் தாகமும் இல்லை. காருக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால் நெற்றி முழுக்க வெள்ளையாக உப்பு. அன்று மாலை வரை தலைவலி விடவில்லை. குவாடலூப்பே அடிவாரத்தில் ஜூலை வெப்பம் 30 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். எண்ணைப் பார்த்தால் நம் ஊர் போலவே தெரியும். ஏமாந்துவிடாதீர்கள்.

அதனால் அன்று ஒருநாள் உடம்பைக் கேட்காமல் கடிகாரத்தைக் கேளுங்கள். கால் மணிக்கு ஒருமுறை, தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சில மடக்கு. பாதையில் எங்குமே தண்ணீர் கிடையாது. ஆளுக்கு ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர், அடிவாரத்திலிருந்தே சுமக்க வேண்டும். வெறும் தண்ணீரையே நிறையக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து அதுவும் ஆபத்தாகும். கச்சாங் பூத்தே, முறுக்கு, உப்புப் போட்ட கடலை என்று வாய்க்குப் பிடித்ததை எடுத்துப்போய் இடையிடையே சாப்பிடுங்கள்.

ஏற ஆரம்பிக்கும் நேரமும் கடிகாரப்படிதான். எல் பாசோவிலிருந்து பைன் ஸ்பிரிங்ஸ் அடிவாரத்துக்குச் சுமார் 175 கிலோமீட்டர். காலை ஆறு மணிக்குள் ஏறத் தொடங்க வேண்டுமென்றால் நாலு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். சிகரம் இருக்கும் தேசியப் பூங்காவுக்குள் கடையும் இல்லை, பெட்ரோலும் இல்லை. முந்தின நாளே எல்லாவற்றையும் நிரப்பி வைக்கச் சொல்லுங்கள். இன்னொன்று: அந்த இடம் எல் பாசோ நேரத்தைத்தான் பின்பற்றுகிறது. டெக்சஸின் பெரும்பகுதி ஒரு மணி நேரம் முன்னால் இருப்பதால் கைப்பேசி சில சமயம் தானாக நேரத்தை மாற்றிவிடும். கையில் சாதாரணக் கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள்.

மலையைப் பற்றிச் சொல்கிறேன். உச்சி 2,667 மீட்டர். கார் நிறுத்தும் இடமே கிட்டத்தட்ட நம் கெந்திங் மலை உயரம், அதனால் மூச்சு சீக்கிரம் வாங்கும். கொடிமலையின் முழு உயரமே 833 மீட்டர்தான். அங்கே ஏற வேண்டியது 900 மீட்டருக்கு மேல், போக வர 13 கிலோமீட்டருக்கும் அதிகம். ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். முதல் இரண்டரை கிலோமீட்டர்தான் மிகச் செங்குத்து, நிழலும் இல்லை. ‘இப்போதே இப்படியா’ என்று மனம் தளரும் இடம் அது. அதைத் தாண்டினால் மலையின் வடக்குப் பக்கம் பைன் மரங்கள் வரும். அப்புறம் ஒரு பொய் உச்சி. வந்துவிட்டோம் என்று நினைப்பீர்கள், உண்மையான சிகரம் இன்னும் தள்ளி நிற்கும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த ஏமாற்றம் அவ்வளவு வலிக்காது.

இந்த மலை சுமார் 26 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கடலுக்கு அடியில் வளர்ந்த திட்டு. பாறைகளில் கடல் உயிர்களின் பதிவுகள் இன்னும் தெரியும். எடுக்கக் கூடாது, தொட்டுப் பார்க்கலாம். கடலோரத்தில் வாழும் உங்களுக்கு அது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

ஜூலையில் பிற்பகல் இடிமழை சகஜம். மொட்டைச் சிகரத்தில் மின்னலுக்கு ஒதுங்க இடமில்லை. பத்தரை மணிக்குள் உச்சிக்கு வரவில்லையா, நின்ற இடத்திலிருந்தே திரும்பிவிடுவது என்று மூவரும் வீட்டிலேயே பேசி முடிவு செய்யுங்கள். மேலே போய்ப் பேசினால் யாருக்கும் மனம் வராது. மகள் ஆசைப்பட்டாளே என்று நீங்கள் இழுத்துக்கொண்டு நடப்பீர்கள், அம்மா வருத்தப்படுவாரே என்று அவளும் சும்மா இருப்பாள். தலைவலி, குமட்டல், வெயிலிலும் உடம்பு சிலிர்ப்பது, இதில் எது வந்தாலும் நிழலில் உட்கார்ந்து, உடம்பை நனைத்து, தெளிந்ததும் இறங்குங்கள். பேச்சு குழறினால் அது அவசர நிலை. உடனே உடம்பைக் குளிர வைத்து 911-ஐ அழைக்க வேண்டும்.

டிக்கெட் எடுக்கும் முன் உங்கள் மாத்திரையை டாக்டரிடம் காட்டுங்கள். ரத்த அழுத்த மாத்திரைகளில் சில, உடம்பிலிருந்து நீரை வெளியேற்றுபவை. அது அந்த வகையா, மலைக்குப் போகும் நாளில் என்ன செய்வது என்று அவர்தான் சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். கொடிமலையில் ஏறிய பிறகு எப்படி இறங்குகிறீர்கள்? நம்மில் பலர் ரயிலில்தான் இறங்குகிறோம். குவாடலூப்பேயில் ரயில் இல்லை. களைத்த கால்களோடு, உருளும் கற்களில், ஏறிய தூரம் முழுவதும் இறங்க வேண்டும். முழங்காலுக்கு அதுதான் சோதனை. இந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே பையில் நாலு லிட்டர் தண்ணீரை வைத்து ஏறுங்கள், மேலே ரயில் டிக்கெட் வாங்காமல் நடந்தே இறங்குங்கள். மறுநாள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு மகளுக்குப் பதில் சொல்லுங்கள்.