14 பேருக்கு ஒரு பள்ளிக்கூடமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். குவைத்தில் 16 வருடம் வேலை பார்த்துவிட்டுப் போன வருடம்தான் ஊரோடு வந்து சேர்ந்தேன். சிவகங்கை மாவட்டத்தில் முந்நூறு வீடுகூட இல்லாத ஊர் எங்களுடையது. நான் படித்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் குடியரசு தினத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். போனேன். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 14 பிள்ளைகள். நான் படித்தபோது என் வகுப்பில் மட்டும் 38 பேர். இப்போது புதுக் கட்டடம், டைல்ஸ் தரை, காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு, முட்டை, புத்தகம், சீருடை எல்லாம் இருக்கிறது. நல்ல சம்பளத்தில் இரண்டு ஆசிரியர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகள்தான் இல்லை. காலையில் ஊருக்குள் மூன்று தனியார் பள்ளி வேன்கள் வந்து அள்ளிக்கொண்டு போகின்றன. அந்த ஆசிரியர்களின் பிள்ளைகளும் தனியார் பள்ளியில்தான் படிக்கிறார்களாம்.

14 பேருக்கு ஒரு பள்ளிக்கூடம் எதற்கு? இப்படி நான்கைந்து பள்ளிகளை மூடிவிட்டு, ஒரே இடத்தில் பெரிய பள்ளியாக வைத்து, அரசே வேன் விட்டால் என்ன? கோபத்தில் கேட்கவில்லை. வருத்தத்தில் கேட்கிறேன்.

பெயர் வேண்டாம் அக்கா. ஊரில் இரண்டு ஆசிரியர்களும் எனக்குத் தெரிந்தவர்கள்.

*

அன்புள்ள தம்பிக்கு,

ஆசிரியர்களின் பிள்ளைகள் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். என் மகளும் தனியார் பள்ளியில் படித்தவள்தான். அதனால் அதில் நான் வாய் திறக்க முடியாது. நீங்களும் உங்கள் பிள்ளைகள் எங்கே படித்தார்கள் என்று எழுதவில்லை. சரி, விட்டுவிடுவோம்.

14 பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர்கள் என்றால் ஏழு பேருக்கு ஒருவர். காகிதத்தில் பார்த்தால் ஊட்டி கான்வென்டில்கூட இவ்வளவு வசதி இருக்காது. உங்கள் வருத்தமும் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருப்பது ஐந்து வகுப்பு. இரண்டு பேர் ஐந்து வகுப்பை எடுக்கிறார்கள் என்று எழுதிப் பாருங்கள், கணக்கு வேறு மாதிரி தெரியும்.

என் தோழி ஒருத்தி வேறொரு மாவட்டத்தில் இதே மாதிரி ஈராசிரியர் பள்ளியில் தலைமையாசிரியை. 19 பிள்ளைகள். போன வருடம் ஒரு நாள் முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தேன். எட்டரைக்குக் கிச்சடி வந்தது. எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதைக் குறித்தாள். ஒன்பதே காலுக்கு வருகைப் பதிவை ஆப்பில் ஏற்ற வேண்டும். கட்டடத்துக்குள் சிக்னல் கிடையாது. கைபம்புக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் ஓரிடத்தில்தான் கிடைக்கும். போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றாள். இன்னொரு டீச்சர் அன்றைக்கு வட்டார வள மையத்தில் பயிற்சிக்குப் போயிருந்தார். ஆக, அன்று ஐந்து வகுப்புக்கும் ஒருத்திதான்.

ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறையில். அது எண்ணும் எழுத்தும் திட்டப்படியான வகுப்பு. 2022-இல் வந்த திட்டம். பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கு ஏற்பப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பது. யோசித்துப் பார்த்தால் சின்னப் பள்ளிக்குப் பொருத்தமான யோசனைதான். அடுத்த அறையில் நான்காவதும் ஐந்தாவதும். தோழி அந்த அறையில் வகுத்தல் கணக்கு போட்டுக்கொடுத்துவிட்டு இந்த அறைக்கு வருவாள், இங்கே படத்தைப் பார்த்துப் பெயர் எழுதச் சொல்லிவிட்டு அங்கே ஓடுவாள். பதினொரு மணிக்கு வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து போன். ஏதோ ஒரு விவரம் உடனே வேண்டுமாம். பீரோவைத் திறந்து தேட ஆரம்பித்தாள். அந்த நேரத்தில் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒன்று தானாகவே எழுந்து போய் ஒன்றாம் வகுப்புப் பையன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் 'ண' எழுதிக்கொண்டிருந்தான். சுழி போட ஆரம்பித்தவனுக்கு நிறுத்த மனசு வரவில்லை, நான்கு சுழி ஓடிவிட்டது. "மூணு போதும்டா" என்றாள் அவள், அழித்துக்கொண்டே. அன்றைக்கு அவள்தான் மூன்றாவது ஆசிரியர்.

இரண்டு பேர் போதும் என்று யார் சொன்னது? சட்டம்தான். 2009-இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு. பிள்ளைகளின் தலையைத்தான் அது எண்ணுகிறது, வகுப்பை எண்ணுவதில்லை. ஒரு பிள்ளை இருந்தாலும் இரண்டு பேர் என்று கீழ்வரம்பு வைத்தது பெரிய விஷயம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஓராசிரியர் பள்ளிகள் எக்கச்சக்கம். அந்த ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்று பள்ளிக்கூடமே கிடையாது. ஆனால் 61-க்கும் 60-க்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 1-ஆம் தேதி நிலவரப்படிதான் பணியாளர் நிர்ணயம், அதாவது எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்வது. என் தோழியின் பள்ளியில் ஒரு காலத்தில் 63 பேர், மூன்று ஆசிரியர். ஒரு வருடம் எண்ணிக்கை 58-க்கு இறங்கியது. மூன்றாவது ஆசிரியர் 'உபரி' ஆனார், பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போனார். குறைந்தது ஐந்து பிள்ளைகள், போனது மூன்றில் ஒரு பங்கு வாத்தியார். இதை ஊர் கவனிக்காமல் இருக்குமா? "டீச்சர் குறைஞ்சு போச்சு" என்று அடுத்த ஜூனில் ஒன்பது மாற்றுச் சான்றிதழ். அதற்கடுத்த வருடம் இன்னும் கொஞ்சம். 58 என்பது 19 ஆக ஆறு வருடம்தான் ஆனது. வாத்தியார் பாடம் நடத்தாததால் பிள்ளைகள் போனார்கள் என்று ஊரில் சொல்வார்கள். பல இடங்களில் பிள்ளைகள் போனதால் வாத்தியார் போனார், வாத்தியார் போனதால் மிச்சப் பிள்ளைகளும் போனார்கள் என்பதுதான் வரிசை.

உங்கள் ஊர் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டத்தை மாநிலம் முழுக்க விரித்தபோது அரசு சொன்ன கணக்கு, 31,008 அரசுப் பள்ளிகள், 15.75 லட்சம் பிள்ளைகள். வகுத்துப் பாருங்கள், பள்ளிக்குச் சராசரியாக 51 பேர். ஐந்து வகுப்புக்கும் பிரித்தால் வகுப்புக்குப் பத்து. நகரத்தில் நிரம்பி வழியும் பள்ளிகளையும் சேர்த்த சராசரி இது. அதாவது தமிழ்நாட்டின் சராசரி அரசுத் தொடக்கப் பள்ளியே இரண்டு ஆசிரியர் வரம்புக்குள்தான் இருக்கிறது.

இனி, பிள்ளைகள் எங்கே போனார்கள் என்ற கேள்வி. தோழியின் பள்ளியில் பழைய சேர்க்கைப் பதிவேடு ஒன்று இருக்கிறது. அட்டை கிழிந்து காடாத்துணி ஒட்டியது. அறுபதுகளின் பக்கங்களில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதி மே, ஜூன். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது என்று வாத்தியாரே ஒரு தேதி போட்டுவிடுவார், அந்தக் காலத்து ஜோசியம். ஒரு வருடச் சேர்க்கை அப்போது மூன்று பக்கம் ஓடியிருக்கிறது. இப்போதைய பதிவேட்டில் ஒரே பக்கத்தில் ஐந்து வருடம் அடங்கிவிட்டது.

இதில் ஒரு பங்கு, பிறக்காத பிள்ளைகள். 2020-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தை. மக்கள்தொகை அப்படியே நிற்க வேண்டுமானாலே 2.1 வேண்டும். உங்கள் வகுப்பில் 38 பேர் இருந்தார்கள் என்றால் வீட்டுக்கு நான்கைந்து பேர் என்று பொருள். இப்போது உங்கள் தெருவில் மூன்றாவது பிள்ளை உள்ள வீடு எத்தனை? இருக்கிற இளம் தம்பதிகளும் பாதிப் பேர் திருப்பூரிலோ சென்னையிலோ. தனியார் பள்ளிகளையெல்லாம் நாளைக்கே மூடினாலும் அந்த 38 திரும்பி வராது.

இன்னொரு பங்கு அந்த மூன்று வேன். இதில்தான் எல்லோரும் தப்பான இடத்தில் தேடுகிறார்கள் என்பது என் எண்ணம். ஏப்ரல், மே மாதத்தில் ஆசிரியர்கள் பேனர் பிடித்து, பறையடித்து, வீடு வீடாகப் போய் ஒன்றாம் வகுப்புக்கு ஆள் சேர்க்கிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளையைத் தேடிப் போகிறார்கள். அந்தப் பிள்ளை மூன்று வயதிலேயே எல்கேஜிக்கு வேன் ஏறிவிட்டது. இரண்டு வருடம் பழகிய மிஸ்ஸையும் சிநேகிதர்களையும் விட்டு யார் கூட்டிவருவார்கள்? கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கிய 25 சதவீத இடங்களில் சேர்வதும் பெரும்பாலும் எல்கேஜியில்தான், அதற்குக் கட்டணம் கொடுப்பதும் அரசு. அரசுப் பள்ளியின் வாசல் திறப்பதற்கு இரண்டு வருடம் முன்பே பக்கத்துக் கடை திறந்துவிடுகிறது.

இது அரசுக்குத் தெரியாமல் இல்லை. 2019-இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். தொடக்கப் பள்ளியில் உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பினார்கள். 2022-இல் அந்த ஆசிரியர்களைத் திருப்பி எடுப்பதாக அறிவிப்பு வந்தது, எதிர்ப்பு கிளம்பியதும் குறைந்த சம்பளத்தில் தற்காலிகமாக ஆள் போட்டு நடத்துவது என்று முடிவானது. அதுவும் பெரும்பாலும் நடுநிலைப் பள்ளி வளாகங்களில். உங்கள் ஊர் மாதிரிச் சின்னத் தொடக்கப் பள்ளிகள் அதற்குள் வரவே இல்லை.

வேனில் ஏற்றிவிடும் தாயைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தோழியின் ஊரில் ஒரு பெண்ணிடம் கேட்டேன். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். மகன் வேனில் போகிறான், டை, ஷூ எல்லாம் உண்டு. மகள் இதே பள்ளியில் மூன்றாவது. இங்கிலீஷ் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். "அங்க கிளாசுக்கு ஒரு மிஸ் இருக்காங்கம்மா" என்றார். அந்த மிஸ்ஸுக்கு என்ன சம்பளம், என்ன படிப்பு என்பது வேறு கதை. ஆனால் அந்த அம்மாவின் கணக்கில் பிழை இல்லை. அவர் வகுப்பை எண்ணுகிறார், சட்டம் தலையை எண்ணுகிறது. அப்புறம் ஏன் மகளை மட்டும் இங்கே விட்டீர்கள் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. பதில் தெரிந்த கேள்வி.

இன்னொன்றும் கவனித்தேன். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு, கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் உதவித்தொகை இரண்டுக்கும் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் போதும். விவரம் தெரிந்த வீடுகளில் ஐந்தாவது வரை வேன், ஆறாவதுக்கு அரசுப் பள்ளி என்று திட்டமே போட்டுவிட்டார்கள். புத்திசாலித்தனம்தான். ஆனால் அதில் தொடக்கப் பள்ளிக்கு ஒன்றுமில்லை.

அப்படியானால் மிச்சம் இருப்பது யார்? தோழியின் 19 பேரில் 12 பெண்கள். பாட்டி வீட்டில் வளர்பவர்கள் ஐந்து பேர். செங்கல் சூளைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு பேர், தை மாதம் வந்து ஆடிக்குள் போய்விடுவார்கள், ஆகஸ்ட் 1-ஆம் தேதிக் கணக்கில் இருக்கவே மாட்டார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் காலனிப் பிள்ளைகள். உங்கள் 14 பேரையும் இந்தக் கண்ணோடு ஒரு தடவை பாருங்கள். பள்ளியை மூடுவது என்றால் யாருடைய பள்ளியை மூடுவது என்பது அப்போது தெரியும்.

மூடவே கூடாது என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. அரைக் கிலோமீட்டரில், நெடுஞ்சாலையைக் கடக்காமல் போகும்படி இன்னொரு அரசுப் பள்ளி இருந்து, இங்கே நாலு பேர், அங்கே முப்பது பேர் என்றால் சேர்ப்பது நல்லதுதான். நாலு பேரில் ஒரு பிள்ளைக்குத் தன் வயதில் விளையாடக்கூட ஆள் இருக்காது. ஊருக்கொன்று, காலனிக்கொன்று என்று இருக்கும் இடங்களில் சேர்த்தால் இன்னும் நல்லது, ஆனால் அங்கே எந்தப் பள்ளியை மூடுவது என்று பேச்சு வரும்போது நீங்களும் அந்தக் கூட்டத்தில் இருந்து பாருங்கள். உத்தரப் பிரதேசத்தில் 2025-இல் 50 பேருக்கும் குறைவான பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்க்க உத்தரவு போட்டார்கள், வழக்கு நீதிமன்றம் வரை போனது. இங்கே 50 என்று கோடு போட்டால் பாதிக் கிராமங்களில் பள்ளிக்கூடம் இருக்காது.

அரசு வேன் என்கிறீர்கள். முதல் வருடம் வரும். டயர் வெடித்த மாதம், டிரைவருக்குச் சம்பளம் பாக்கி விழுந்த மாதம் என்ன ஆகும்? காசு கட்டும் வேன் நின்றால் அப்பா பைக்கில் கொண்டுபோய் விடுவார். அந்த 12 பெண்களில் எத்தனை பேரை விடுவார்கள்? ஒன்றாவது முதல் ஐந்தாவது வரை ஒரு கிலோமீட்டருக்குள் பள்ளி என்று தமிழ்நாட்டின் விதியிலேயே இருப்பதற்கு, ஆறு வயதுப் பிள்ளை நடக்கும் தூரம் அவ்வளவுதான் என்பது காரணம்.

என்னைக் கேட்டால், எண்ணிக்கை எதுவானாலும் மூன்றாவதாக ஒரு ஆசிரியர், அவர் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு. அதே வளாகத்தில், அதே நேரத்தில், ஒன்றாம் வகுப்புக்குப் பக்கத்து அறையில். செலவுதான். ஆனால் டைல்ஸ் போட்டபோது யாரும் பிள்ளைகளை எண்ணவில்லையே.

நீங்கள் இப்போது ஊரோடு இருக்கிறீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு, விசாரித்துப் பாருங்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை. உங்கள் பள்ளிக்குப் பக்கத்திலோ பின்னாலோ அங்கன்வாடி இருக்கும். அதில் எத்தனை பேர் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு நாள் காலையில் போய் எண்ணுங்கள். மூன்று வயது முடிந்தவர்களைத் தனியாக எண்ணுங்கள். அப்படியே அந்த மூன்று வேன்களிலும் சட்டையில் கைக்குட்டையைப் பின் குத்திக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருக்கும் பொடிசுகள் எத்தனை என்று பார்த்து, இரண்டு எண்ணையும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா