பாட்டு இயைபு மட்டமா?

'பார்க்கிறாய், கேட்கிறாய், சிரிக்கிறாய்' என்று முடியும் உங்கள் பல்லவியை நண்பர் "சினிமாத்தனம், கவிதையில் எடுபடாது" என்றாராம். பாதி சரி. தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். அதனால் இந்த '-கிறாய்' இயைபு, அதாவது அடிகளின் கடைசியில் வரும் ஒலி ஒற்றுமை, இலக்கணம் இலவசமாகத் தருவது. மெட்டு அதை நீட்டிப் பாடும்போது காதுக்குப் போதும், தாளில் வெளுத்துவிடும்.

மரபுக் கவிதை அடியின் தொடக்கத்தில் வேலை செய்கிறது. முதல் குறளில் 'அகர', 'பகவன்': இரண்டாம் எழுத்து ஒன்றே, முதல் எழுத்தின் அளவும் ஒன்றே (இங்கே இரண்டும் குறில்). அதுதான் எதுகை. பாட்டிலும் இது நன்றாகவே உட்காரும். 'ஓசை இன்றி வந்தாய், ஆசை எல்லாம் சொல்ல' என்று பாடிப் பாருங்கள். அப்புறம், மூன்று '-கிறாய்'களில் ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள்.